சொக்குவுக்கு, பள்ளத்தூரிலிருந்து

உ
சிவமயம்

பள்ளத்தூர்,
தை 8, வியாழக்கிழமை

அன்புள்ள மகன் சொக்குவுக்கு, அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. அப்பத்தா வேளைக்குச் சாப்பிடுகிறார்கள். காதுதான் முன்னைவிட மோசம். உன்னிடமிருந்து போன் வந்ததா என்று காலையில் ஒரு தரம், விளக்கு வைத்ததும் ஒரு தரம் கேட்கிறார்கள். வந்தது என்றே சொல்கிறேன்.

போன் செய்தால் மீட்டிங் என்கிறாய். ராத்திரி செய்தால் அசதியாக இருக்கிறது என்கிறாய். இருக்கும். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். உனக்கு நேரம் கிடைக்கும்போது படி.

மழையில் இரண்டாங்கட்டில் தாழ்வாரத்து ஓடு சரிந்துவிட்டது. ஆள் வைத்து மாற்றியாகிவிட்டது, நீ அதற்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம். பிள்ளையார் நோன்புக்கு நீ வராதது இதுதான் முதல் தடவை. இழை எடுத்துக் கொடுக்கும்போது வரிசையில் உன் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டுவிட்டேன். ஆத்தா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பொங்கலுக்கும் வரவில்லை. ஆடிட் என்றாய். மார்கழியிலும் தையிலும் ஆடிட் வருமா வராதா என்று முப்பத்தொரு வருஷம் பேங்க் கவுண்டரில் உட்கார்ந்த எனக்குத் தெரியாதா? சரி, அதை விடு.

ஜனவரி ஐந்தாம் தேதி சாயங்காலம் என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கல்விக்கடனில் நானும் கையெழுத்துப் போட்டிருப்பதால் எனக்கும் வரும். உன் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிவிட்டதாம். அதைக் கேட்பதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு தவணை சில நாள் தவறினாலும் பதிவு விழலாம். முன்பு மாதம் ஒரு முறை அனுப்பிக்கொண்டிருந்த கடன் விவரத்தை, 2025 ஜனவரியிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு முறை அனுப்பச் சொல்லிவிட்டது ரிசர்வ் பேங்க். பேங்க் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் இப்போதெல்லாம் சிபில் கடன் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். பேங்கில் அடுத்தவன் கடன் பைலைப் படித்து எழுதுகிற உனக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. பிப்ரவரியில் உனக்கு வேலை நிரந்தரமாகும் கன்ஃபர்மேஷன். அதுவரைக்கும் எதிலும் அவசரப்படாதே.

வேலையை விடுகிற யோசனை ஏதும் இருக்கிறதா? இரண்டு வருஷ பாண்டு இருக்கிறது. நடுவில் விட்டால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும், ஜாமீன் நான். பணத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு வருஷம்கூட ஆகாமல் வெளியே வந்தால் அடுத்த இடத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். கன்ஃபர்மேஷன் வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

போன வருஷம் ஆஃபர் லெட்டர் வந்த அன்று முகப்பில் உட்கார்ந்து இரண்டு பேரும் படித்தோமே, நினைவிருக்கிறதா? ஆண்டுக்கு 5,40,000 என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பன்னிரண்டால் வகுத்து மாதம் 45,000 என்று நான் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். நீ பேப்பரை வாங்கி ஒவ்வொன்றாகக் கழித்துக் காட்டினாய். வேரியபிள் பே 54,000, அது வருஷக் கடைசியில், அதுவும் ரேட்டிங் பார்த்து. பேங்க் தன் பங்குக்குக் கட்டுகிற பி.எஃப். மாதம் 1,800, அதையும் உன் சம்பளம் என்றே எழுதியிருந்தார்கள். கிராஜுவிட்டி, அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், ஐந்து வருஷம் இருந்தால்தான் கைக்கு வரும். அப்புறம் இன்சூரன்ஸ் பிரீமியம். இதெல்லாம் கழித்த பிறகு உன் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800. கடைசியில் 35,000 சொச்சம் நின்றது. எங்கள் காலத்தில் சம்பளம் என்றால் பேசிக், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, அவ்வளவுதான். கைக்கு வராத பணத்தையும் சம்பளத்தில் கூட்டி எழுதுகிற இந்த வழக்கம் எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. நீ சிரித்துக்கொண்டே, "கணக்குக்கு ஒரு சம்பளம், கைக்கு ஒரு சம்பளம் அப்பச்சி" என்றாய்.

அந்த 35,000-இல் அறை வாடகை 9,500, தவணை 11,200, ஆத்தாவுக்கு 3,000. மிச்சத்தில்தான் சாப்பாடு, பஸ், துணிமணி. நான் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இல்லை. ஒழுங்காகச் சாப்பிடு. காலையில் டீயோடு ஓடாதே.

அரசு பேங்க் ஆபீசர் வேலைக்கு 2024 மார்ச் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 48,480. கீழத்தெருப் பெண் அதில்தான் திருநெல்வேலிப் பக்கம் போயிருக்கிறது. நீயும் மூன்று தடவை எழுதினாய். பிரிலிம்ஸ் தாண்டினாய், மெயின்ஸில் நின்றாய். முப்பது வயது வரை எழுதலாம், உனக்கு இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். சொல்லவில்லை என்று வைத்துக்கொள்.

ஆனால் உன்னை எடுத்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிறது. எழுத்துத் தேர்வு, குழு விவாதம், இரண்டு நேர்முகம். கடைசி அறையில் ஒரு நூல் மில்லின் மூன்று வருஷ பேலன்ஸ் ஷீட்டைக் கொடுத்து, இருபது நிமிஷத்தில் கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல் என்றார்களாம். விற்பனை ஏறியிருக்கிறது, ஆனால் வரவேண்டிய பாக்கி அதைவிட வேகமாக ஏறியிருக்கிறது, இவர் சரக்கை விற்கவில்லை, கடனுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார் என்று நீ சொன்னதாகச் சொன்னாய். நம் வீட்டில் ஐந்தொகை எடுத்தவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள்.

வெளிநாட்டு பேங்க் ஒன்று பெங்களூரில் எட்டு லட்சம் தருவதாக இருந்தும் நீ போகவில்லை. அங்கே பைலின் ஒரு மூலையை மட்டும் காட்டுவார்கள், இங்கே ஒரு கடனை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை நானே பார்க்கலாம் என்றாய். அன்றைக்கு உன்னோடு சண்டை போட்டேன். சின்ன பேங்குக்கு ஏன் போகிறாய் என்றேன். நீ பதில் சொல்லவில்லை. அப்புறம் நானே யோசித்தேன். கரூரில் 1926-இல் வியாபாரிகள் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் பேங்க், 2020 நவம்பரில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று நின்றதே, பத்து நாளில் இன்னொரு பேங்கோடு சேர்ந்து பெயரே இல்லாமல் போனதே, அது வாராக்கடனில் போனதுதானே? சின்ன பேங்குக்குத்தான் பைலை ஒழுங்காகப் படிக்கிற பிள்ளை வேண்டும். ஐ.ஓ.பி.யும் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று கிளைகளோடு தொடங்கியதுதான். நீ செய்தது சரி. இதை உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

ஓடு மாற்ற வந்தபோது மேல் அறைப் பெட்டியை இறக்க வேண்டியிருந்தது. அடியில் என்னைப் பெற்ற ஐயாவின் சம்பளச் சீட்டு இருந்தது. 1938. ஐயாவுக்குப் பதின்மூன்று வயது. ரங்கூன் மொகல் தெருக் கடைக்குப் பெட்டியடிப் பையன். மூன்று வருஷத்துக்குச் சேர்த்து ஒரு தொகை, கப்பல் ஏறும் முன்பே அதில் ஒரு பங்கு வீட்டில் கொடுத்தாகிவிட்டது. இன்றைக்கு உனக்கு ஒரு மாதம் பிடிக்கிற பி.எஃப்.பைவிட அந்த மொத்தத் தொகை குறைவு. ஆள் எடுத்ததும் அதிகக் கதை இல்லை. கையெழுத்தைப் பார்த்தார்கள், அரைக்கால், வீசம் என்று பின்னங்களை மனக்கணக்காகக் கேட்டார்கள், எந்தக் கோயில், யார் மகன் என்று கேட்டார்கள். பெட்டியடியில் ஆரம்பித்து அடுத்தாளாகி, மேலாளாகி வருவது என்று ஒரு ஏணி இருந்தது. ஐயா அடுத்தாள் ஆவதற்குள் 1942 யுத்தம் வந்துவிட்டது. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களில் ஒருவர். அந்தக் கதை உனக்குத் தெரியும்.

சீட்டில் தொகை எண்ணாலும் எழுத்தாலும் இருக்கிறது. ஐயா அந்தத் தொகையை எங்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவைகூடக் கூட்டிச் சொன்னதில்லை.

நான் கூட்டிச் சொன்னேன், சொக்கு.

ஆவணியில் பெரியப்பச்சி மணிவிழாவில் பட்டாலையில் உட்கார்ந்திருந்தோம். தேவகோட்டைக்காரர் தன் பேரன் ஒரு லட்சம் வாங்குகிறான் என்றார். உன் பையன் எவ்வளவு என்று என்னைப் பார்த்தார். எதிரில் ஜாதகம் கேட்டிருந்த வீட்டார் வேறு இருந்தார்கள். எழுபத்தைந்து என்றேன். வாயில் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன். அறுபது சொல்லலாமா, எழுபத்தைந்து சொல்லலாமா என்று நினைத்துப் பெரிய எண்ணைச் சொன்னேன். நீ வளவில் பந்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து ஒரு தரம் என்னைப் பார்த்தாய். அப்புறம் அடுத்த இலைக்குப் போனாய். எல்லோர் முன்னாலும் நீ மறுத்துச் சொல்லியிருக்கலாம். அப்பச்சி முகத்துக்காகப் பேசாமல் இருந்தாய். மறுநாள் விடியற்காலைப் பல்லவன் ரயிலுக்கு நானே ஸ்டேஷனுக்குக் கூட வந்தேன். அப்போதும் நீ ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் கொப்பனாபட்டி அம்மான் வந்திருந்தார். உன்னைப் புகழ்ந்து தள்ளினார். மார்கழியில் கடைச் சரக்குக்கு அவசரம் என்று கேட்டதும் மறுபேச்சில்லாமல் 40,000 அனுப்பினானாம் சொக்கு. எழுபத்தைந்து வாங்குகிற பிள்ளைக்கு நாற்பது ஒரு பெரிய தொகையா என்றார். ஆத்தா என்னைப் பார்த்தாள். எனக்குக் காபி உள்ளே இறங்கவில்லை. ஐந்தாம் தேதிக் குறுஞ்செய்தி எதனால் வந்தது என்று அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. நான் ஏதேதோ நினைத்து வைத்திருந்தேன். வேலை போய்விட்டதோ, சீட்டு கீட்டு என்று ஏதாவதில் மாட்டிக்கொண்டாயோ என்று. ஆன்லைன் ஆட்டம் வரைக்கும் நினைத்தேன். உன்னைப் பற்றி அப்படி நினைத்ததற்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருஷத்தில் சாயங்காலம் பெட்டி பூட்டும்போது பத்து ரூபாய் குறைந்தால்கூட நான் எழுந்து வீட்டுக்கு வந்ததில்லை. ஆத்தாவைக் கேள். அப்படிப்பட்டவன் உன் சம்பளத்தில் இல்லாத 40,000 ரூபாயைக் கூட்டி எழுதினேன். நான் பொய்யாக எழுதிய அதே 40,000-ஐ நீ நிஜப் பணமாக எண்ணிக் கொடுத்திருக்கிறாய். இதை நினைத்து இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொப்பனாபட்டிக்குப் போனேன். அம்மானிடம் உன் சம்பளம் 35,000 என்று சொன்னேன், எழுபத்தைந்து என்பது என் பொய் என்றும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பங்குனிக்குள் திருப்பிவிடுவதாகச் சொன்னார். நீ அவரைக் கேட்காதே, அது என் வேலை. ஜாதகம் கேட்ட வீட்டாருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை. தேவகோட்டைக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை. மாசியில் மகத்துக்குப் பார்ப்பேன், அப்போது சொல்வேன்.

தவணையையும் திரும்பியதற்கான கட்டணத்தையும் ஜனவரி 19-ஆம் தேதி நானே கட்டிவிட்டேன். ரசீதைப் பார்த்திருப்பாய். அதைத் திருப்பி அனுப்பாதே. பிப்ரவரி தவணைக்குக் கையில் இருக்கிறதா என்று மட்டும் சொல். இல்லை என்றால் இல்லை என்று சொல், சொக்கு. உறவில் இனி யார் கேட்டாலும் என் சம்பளம் இவ்வளவுதான் என்று வாய்விட்டுச் சொல்லிவிடு. கன்ஃபர்மேஷன் வரும் வரைக்கும் அவசரப்படாதே. இதை மேலேயே எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

சனிக்கிழமைப் பல்லவனில் மேலத்தெரு ஆச்சி சென்னைக்கு வருகிறார்கள். தாம்பரத்தில் இறங்குவார்கள். சீப்புச் சீடையும் மணகோலமும் ஆத்தா கொடுத்துவிடுகிறாள். நோன்பு மாவிலும் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தாள், அது கெட்டுவிட்டது. டப்பாவுக்கு அடியில் ஐயா சீட்டின் ஜெராக்ஸ் இருக்கிறது. அசல் இங்கேயே இருக்கட்டும், மடித்த இடம் கிழிகிறது. டப்பாவைத் திருப்பிக் கொண்டு வா, அது அப்பத்தாவுடையது.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனை என் கையிலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பச்சி