பங்க்கில் இருக்கிற வசதி சார்ஜிங் நிலையத்திலும் வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மின்சார கார் பற்றி உங்கள் பத்திரிகையில் வாசகர்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பாதிப் பேர் "பெட்ரோல் போட 5 நிமிஷம், சார்ஜ் போட ஒரு மணி நேரம், இதில் என்ன வசதி?" என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் "ராத்திரி சொருகிவிட்டுத் தூங்கினால் காலையில் வண்டி தயார், பங்க் பக்கமே போக வேண்டாம்" என்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் யாருக்கு எது உண்மை என்பது அவரவர் வீட்டு வாசலைப் பொறுத்தது. இதைப் பற்றி யாரும் எழுதக் காணோம், அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் இருப்பது மதுரை திருநகரில். வீட்டு முன்னால் போர்ட்டிகோ இருக்கிறது. அதில் காருக்கென்று தனி வயர் இழுத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்து, ஒரு 15 ஆம்பியர் பாயிண்ட் போட்டோம். அதில் மணிக்கு 3 யூனிட் சொச்சம் ஏறும். 30 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிறைய 10 மணி நேரம் ஆகும் என்பதைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள், ஆனால் காலியாகும் வரைக்கும் யார் விடப்போகிறார்கள்? மாட்டுத்தாவணி, ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் டியூஷன் என்று ஊருக்குள் எவ்வளவு சுற்றினாலும் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் தாண்டுவது அபூர்வம். அதற்குச் செலவாகிற 6 யூனிட் இரவு இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். கார் வந்த பிறகு கரண்ட் பில்லில் ஸ்லாப் ஏறிவிட்டது என்பது நிஜம். அப்படியும் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றே வைத்துக்கொண்டால்கூட கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் வருகிறது, பெட்ரோல் காருக்கு ஆறேழு ரூபாய் ஆகிறது.

சரி, என் தம்பி வீட்டுக்கு வாருங்கள். தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக்குள் முதல் மாடி. கார் நிற்பது நான்கு தெரு தள்ளி, மாத வாடகைக்குப் பிடித்த ஒரு காலி மனையில். அங்கே பிளக் பாயிண்டுக்கு எங்கே போவது? மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றி ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று எங்கே பார்த்தாலும் சுவரோடு சுவராக இருக்கும் வீடுகள் கார் என்று ஒன்று வரும் முன்பே போட்ட கணக்கில் கட்டியவை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேறு பிரச்சினை, பார்க்கிங் இருக்கும், ஆனால் வயர் எந்த மீட்டரிலிருந்து வர வேண்டும் என்று சங்கத்தில் பேசி முடிப்பதற்குள் வருஷம் போய்விடும். கட்டட பார்க்கிங்கில் 20 சதவீத இடத்தை சார்ஜிங்குக்கு ஒதுக்கலாம் என்று மத்திய அரசு 2019இல் மாதிரிக் கட்டட விதியில் திருத்தம் கொண்டு வந்தது, அது இனிமேல் கட்டுகிற கட்டடங்களுக்கு. இருக்கிற கட்டடங்களுக்கு என்ன வழி? அதனால் "அக்கா, நானும் மின்சார கார் வாங்கட்டுமா?" என்று தம்பி கேட்டபோது, இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

அவனைப் போன்றவர்களுக்கு வெளியே இருக்கிற சார்ஜிங் நிலையம்தான் ஒரே வழி. அதைப் பற்றித்தான் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

வேகத்தில் பெட்ரோலோடு போட்டி போட முடியாது, ஒத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி இருக்கிறது, என்ஜின் அதில் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்கினாலும் 35 லிட்டர் போட்டால் 500 கிலோமீட்டர் போகலாம், அதுவும் சில நிமிடங்களில். 30 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜர் என்றால் மணிக்கு 30 யூனிட் ஏற்றும், அதில் அரை மணி நேரம் நின்றால் 15 யூனிட், அதாவது 100 கிலோமீட்டர். 60 கிலோவாட் என்று போர்டு இருக்கும், அதே மெஷினில் இருக்கிற இன்னொரு கன்னிலும் (காரில் சொருகுகிற கேபிள் முனை) ஒரு வண்டி வந்து சொருகினால் பல இடங்களில் அது ஆளுக்கு 30 ஆகிவிடும், இது புதிதாக வாங்குகிறவர்களுக்குத் தெரிவதில்லை. 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரியைப் பாதுகாக்க வண்டியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் வழியில் 80 வரை ஏற்றிக்கொண்டு கிளம்புவதுதான் புத்திசாலித்தனம், பின்னால் காத்திருப்பவருக்கும் நல்லது.

ஆனால் இந்த நேரக் கணக்கு எங்களுக்குப் பெரிய கஷ்டமாக இருந்ததில்லை. கப்பலூர் தாண்டி நான்கு வழிச்சாலையில் ஏறினால் கன்னியாகுமரி 240 கிலோமீட்டர் போல வரும். பெரியவர்களும் பிள்ளைகளும் கூட வந்தால் எந்த வண்டியாக இருந்தாலும் கோவில்பட்டியிலோ திருநெல்வேலியிலோ சாப்பிட நிற்கத்தான் போகிறோம். அந்த முக்கால் மணி நேரத்தில் வண்டியும் ஏற்றிக்கொள்ளும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது சார்ஜர் வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி.

நெடுஞ்சாலையில் ஒரு நிலையத்தில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆப்பில் "உள்ளது" என்று பச்சையாகக் காட்டியது. போனால் திரை அணைந்து கிடக்கிறது, மேலே கூரை இல்லை, கேட்க ஒரு ஆள் இல்லை. அதில் எழுதியிருந்த எண்ணுக்கு அடித்தால் எங்கோ ஓர் ஊரிலிருந்து "மெஷினை ரீஸ்டார்ட் செய்கிறோம், காத்திருங்கள்" என்கிறார்கள். பின்சீட்டில் மாமியார், வெளியே மே மாத வெயில். அடுத்த நிலையம் வேறு கம்பெனி, அதற்கு வேறு ஆப், அதில் பதிய ஓடிபி, அப்புறம் வாலட்டில் முன்பணம். ஒவ்வொரு கம்பெனியிலும் ஐம்பதும் நூறுமாக மிச்சம் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. அந்தப் பணம் எங்களுடையது.

பெட்ரோல் பங்க்கில் இப்படி நடக்குமா? அங்கே வண்டியை நிறுத்தியதும் ஒருவர் வந்து நிற்கிறார். விலை வெளியே தெரிகிறது. ரொக்கம் கொடுக்கலாம், ஜிபே செய்யலாம், பேர் ஊர் கேட்பதில்லை. அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. காற்று இலவசம், தண்ணீர், கழிப்பறை இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடுகிறது. பெட்ரோல் வண்டிக்காரர்கள் நிம்மதியாக இருப்பது 5 நிமிஷத்தில் வேலை முடிகிறது என்பதற்காக மட்டும் இல்லை, இத்தனையும் சேர்ந்துதான் அந்த நிம்மதி. எனக்கும் அதே வேண்டும். நிலையத்துக்கு ஒரு ஆள், ஒரு கூரை, வாசலில் யூனிட் விலை எழுதிய பலகை, ஆப் இல்லாமலே ஸ்கேன் செய்து பணம் கட்டுகிற வசதி, அளவில் சந்தேகம் வந்தால் சரிபார்க்க ஒரு வழி. இதில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை.

நகரத்தில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு நிலையம், நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது. எண்ணிக்கை கூடுவது சந்தோஷம்தான். ஆனால் வேலை செய்யாத நிலையத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் என்ன பிரயோசனம்? எத்தனை மணி நேரம் பழுதாகக் கிடந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்புறம் வரி. மின்சார கார் வாங்கினால் ஜிஎஸ்டி 5 சதவீதம், வெளியே சார்ஜ் போட்டால் 18 சதவீதம். வீட்டில் போர்ட்டிகோ இருக்கிற நான் அந்த 18 சதவீதத்தை எப்போதாவதுதான் கட்டுகிறேன், என் தம்பி வாங்கினால் தினமும் கட்ட வேண்டும். இது நியாயமே இல்லை.

எல்லா இடத்திலும் விலை உயர்ந்த ஃபாஸ்ட் சார்ஜரும் தேவையில்லை. கோவிலுக்கு வருகிறவர்கள் இரண்டு மூன்று மணி நேரம் வண்டியை நிறுத்துகிறார்கள், கல்யாண மண்டபத்தில் அதற்கும் மேல். மெதுவாக ஏற்றுகிற 7 கிலோவாட் ஏசி சார்ஜரில் மூன்று மணி நேரத்துக்கு 20 யூனிட் ஏறும், அது ஊருக்குள் ஓட்ட மூன்று நாளைக்குக் காணும். மாநகராட்சியின் பல அடுக்கு வாகன நிறுத்தத்தில் மாசி வீதிக்காரர்களுக்கு இரவு நேர மாதக் கட்டணத்தில் இப்படிச் சில பாயிண்டுகள் கொடுத்தால் அவர்களுக்கும் திருநகர் வசதி கிடைக்கும். சார்ஜிங் நிலையம் வைக்கத் தனி லைசென்ஸ் தேவையில்லை என்று 2018லேயே அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது, மண்டபக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் இதை யோசிக்கலாம். வத்தலக்குண்டு போன்ற அடிவார ஊர்களில் இன்னும் அவசியம். ஆட்களோடு கொடைக்கானல் மலை ஏறுவதற்கே 9, 10 யூனிட் கூடுதலாகப் போகும், இறங்கும்போது அதில் ஒரு பகுதிதான் பேட்டரிக்குத் திரும்பும்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். மாதாந்திரப் பராமரிப்புக்காக நாளை எந்தெந்தப் பகுதியில் மின்தடை என்று பத்திரிகையில் போடுகிறீர்கள். அந்தப் பட்டியலில் அன்றைக்கு நிற்கப்போகிற சார்ஜிங் நிலையங்களின் பெயரையும் கம்பெனிகளிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். காலை 9 மணிக்குக் கிளம்புகிறவர்கள் முந்தின இரவே வேறு ஏற்பாடு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநகர், மதுரை.