அம்மாவின் காலடிக் கணக்கு

மதுரை
மாசி 9, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அம்மா தெருவிலிருந்து வந்து படியேறியதும் மேல்மூச்சு வாங்கியதைப் பார்த்துப் பதறிவிட்டாய். "இந்த உடம்போடு எதற்கம்மா நடக்கிறாய், பேசாமல் ஓரிடத்தில் உட்கார்" என்று நீ சொன்னது அவள் மனத்தில் அப்படியே பதிந்துவிட்டது. திங்கள் முதல் நேற்று வரை வாசலைத் தாண்டவில்லை. என் நோட்டில் அந்த நான்கு நாட்களின் காலடிகள் 810, 760, 690, 655 என்று இருக்கின்றன. அதற்கு முந்தைய வாரத்தின் சராசரி 2,380. இதையெல்லாம் போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுதுவிடுவாய். அதனால் எழுதி, படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

அம்மா இவ்வளவு தளர்ந்துபோனதற்கு அவளுடைய நுரையீரல் பாதி காரணம் என்றால், உட்கார்ந்தே இருந்தது மீதிப் பாதி. சி.ஓ.பி.டி. என்று சீட்டில் எழுதியிருக்கும் இந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சுக்குழாய்கள் குறுகிவிடுகின்றன. இழுத்த காற்று முழுதாக வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. பாதித் தண்ணீரைக் கொட்டாத குடத்தில் மேலும் ஊற்றுவது போல, புதுக் காற்றுக்கு உள்ளே இடம் இல்லை. வேகமாக நடந்தால் இது கூடுகிறது. மனிதன் என்ன செய்வான்? நடையைக் குறைப்பான். குறைத்தால் தொடைச் சதை வற்றும். வலுவிழந்த கால்கள் முன்பு நடந்த அதே தூரத்துக்குக் கூடுதல் மூச்சு கேட்கும். மறுபடியும் நடை குறையும். இப்படிச் சுருங்கிச் சுருங்கித்தான் பலர் கட்டிலோடு நின்றுவிடுகிறார்கள்.

அம்மா சுருங்கிக்கொண்டிருந்தது அதே வீட்டில் இருந்த என் கண்ணிலேயே படவில்லை. ஆவணியில் பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் காலடி எண்ணும் கருவி ஒன்றை அம்மாவின் இடுப்பில் மாட்டச் சொல்லி, "முதல் வாரம் எந்த இலக்கும் வேண்டாம், எப்போதும் போல இருங்கள், இரவில் எண்ணை மட்டும் குறித்து வாருங்கள்" என்றார். அந்த வாரச் சராசரி 1,340. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நான் அம்மாவின் நாளைப் பின்தொடர்ந்தேன். மொட்டை மாடிக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். கேட்டால் முழங்கால் வலி என்றாள். துணிகளைக் கொல்லைக் கொடியில் போடாமல் கூடத்து நாற்காலிகளில் விரித்தாள். கேட்டால் வெயில் என்றாள். காய்கறிக்காரர் வாசலுக்கு வரட்டும் என்று காத்திருந்தாள். மாரியம்மன் கோயிலுக்குப் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள், எல்லாக் காரணங்களுக்கும் அடியில் மூச்சு இருந்தது. முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். ஒரே ஒரு எண் ஒரு மனுஷியின் வாழ்க்கையை இவ்வளவு சொல்லும் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

காலடி எண்ண நீ ஆசையாக வாங்கி அனுப்பிய கைப்பட்டையை ஏன் கட்டவில்லை என்று கேட்டாய். அது தானாகவே 10,000 அடி என்று இலக்கு வைத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு நாள் இரவும் அதன் திரையில் இலக்கைக் காட்டும் வளையத்தில் சிறு துண்டு மட்டும் நிரம்பியிருப்பதைப் பார்த்து அம்மா அதைக் கழற்றிப் பூஜை அலமாரியில் விளக்குக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அந்த 10,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸை அடுத்து, 1965 இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று 'மன்போ-கெய்' என்ற காலடிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயருக்கே பத்தாயிரம் அடி மானி என்றுதான் பொருள். விற்பனைக்கு வைத்த பெயர் உலகத்துக்கே விதியாகிவிட்டது. மூச்சு நோயாளி அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஏற்கெனவே நடப்பதைவிட நாளுக்கு 600 முதல் 1,100 அடி கூடினாலே அது பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இன்னொரு குறையும் இருந்தது. மெதுவாக நடப்பவரின் அடிகளைக் கருவிகள் தவறவிடுகின்றன. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது நான் வாய்விட்டு 200 எண்ணினேன், கைப்பட்டையில் 131. பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் எண்கள் ஓடின. இடுப்புக் கருவி அதே 200க்கு 188 காட்டியது. சேலையில் நிற்காமல் நழுவியதால் பாவாடை நாடாவில் செருகுகிறாள், சரியாக நிற்கிறது.

புகையிலையைத் தொட்டறியாதவளுக்கு இந்த நோய் எப்படி வந்தது என்று நீ டாக்டரிடம் கேட்டாய். அவர் "விறகுப் புகை" என்று சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். உசிலம்பட்டிப் பக்கம் நாம் இருந்த வீட்டின் அடுப்படிக்குப் புகைபோக்கி கிடையாது. சீமைக்கருவேல விறகும் வறட்டியும். நீயும் அந்தப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாய்ப்பாடு படித்தவள்தான். 1989 இல் என் சேமிப்பில் கேஸ் இணைப்பா, மொபெட்டா என்று வந்தது. நான் மொபெட் வாங்கினேன். கேஸ் வர மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. அந்த ஏழு ஆண்டுகளை நான் திருப்பித்தர முடியாது பாப்பா. ஆனால் அவளோடு நடக்க முடியும், ஆகவே நடக்கிறேன்.

பிசியோதெரபிப் பெண், உதட்டைக் குவித்து மெல்ல ஊதச் சொன்னார். உள்ளே இழுத்த நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நேரம் வெளியே விட வேண்டும். அம்மா கொஞ்ச நேரம் செய்து பார்த்துவிட்டு, "ஊதாங்குழல் இல்லாமல் அடுப்பு ஊதுவது போலத்தான் இருக்கிறது" என்றாள். அன்று முதல் அவளுக்கு அது தடையில்லாமல் வந்துவிட்டது. இரண்டு அடிக்கு ஒரு மூச்சு உள்ளே, நான்கு அடிக்கு வெளியே.

இலக்கும் சிறியதுதான். ஒரு வாரம் ஒரு எண் நிலைத்தால் மறுவாரம் அதில் பத்தில் ஒரு பங்கு கூட்டுவோம். இடையில் நின்று இளைப்பாறலாம், பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கக் கூடாது. விரலில் மாட்டும் கருவியில் ரத்த ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே போனாலோ நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை நீ பார்த்தபோது 92 இருந்தது. இரண்டே நிமிடத்தில் மூச்சு சீராகிவிட்டது, அதற்குள் நீ அழைப்பைத் துண்டித்திருந்தாய்.

மருத்துவமனை நடைபாதையில் 30 மீட்டருக்குக் கோடு போட்டு ஆறு நிமிடம் நடக்கவிடுவார்கள். ஆவணியில் அம்மா 222 மீட்டர் நடந்தாள், கார்த்திகையில் 271. முப்பது மீட்டர் கூடினாலே அன்றாட வாழ்வில் தெரியும் என்கிறார்கள். நுரையீரல் ஊதும் சோதனையின் எண் மாறவில்லை. நடை அதை மாற்றாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். பழுதான நுரையீரலை வைத்துக்கொண்டு இன்னும் தூரம் போகக் கால்கள் பழகுகின்றன, அவ்வளவே. போகியன்று தெருவில் பழைய பாயும் டயரும் எரித்த புகையில் சளி கட்டி, ஸ்டீராய்டு மாத்திரை வரை போய், நாளின் காலடி எண் 540க்கு இறங்கியது. அங்கிருந்து இலக்கையும் இறக்கி மறுபடி தொடங்கினோம். தை தெப்பத் திருவிழாவுக்கு அவளால் போக முடியவில்லை. அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் இருக்கிறது.

கருவி மாட்டினால் போதுமா என்றால், போதாது. சிலியில் நடந்து 2015 இல் வெளியான ஆய்வில், காலடிமானியோடு மூன்று மாதம் நடந்த சி.ஓ.பி.டி. நோயாளிகள் நாளுக்குச் சுமார் 3,000 அடி கூட்டினார்கள். வெறும் அறிவுரை கேட்டவர்கள் 140 அடிகூடக் கூட்டவில்லை. ஆனால் நீ இருக்கும் லண்டனிலேயே 2017 இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஏற்கெனவே மருத்துவமனையில் ஆட்களின் மேற்பார்வையில் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றுவந்தவர்களுக்குக் காலடி இலக்கு கொடுத்ததால் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. இரண்டையும் வைத்து நான் நினைப்பது இது: கவனிக்க ஆளில்லாத இடத்தில்தான் கருவிக்கு வேலை அதிகம். நம் ஊரில் அந்தப் பயிற்சி வாரம் மூன்று நாள் கிடைக்கும் இடங்கள் குறைவு. கிடைத்தாலும் ஆட்டோ ஏறி இறங்கவே அம்மாவுக்குத் தெம்பு தீர்ந்துவிடும். இந்தச் சின்னக் கருவியும் ஒரு நோட்டும், இரவில் அந்த எண்ணைப் பார்த்து நாலு வார்த்தை பேச ஓர் ஆளும் வேண்டும். இங்கே நான் இருக்கிறேன். நீயும் வேண்டும்.

தெப்பக்குளத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர், அம்மாவின் காலுக்கு 650 அடி. மார்கழியில் ஒரு பக்கம் முழுவதும் நடந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, "அந்த மூலை வரைக்கும் போய்விடலாம் போலிருக்கிறதே" என்று எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இன்று வெள்ளிக்கிழமை. மாரியம்மன் கோயிலுக்குப் போகலாமா என்று காலையில் கேட்டேன். "பாப்பா திட்டுவாள்" என்றாள். இங்கே சாயங்காலம் ஐந்து மணி, உனக்குப் பகல் பதினொன்றரை. அந்த நேரத்தில் அவளை அழைத்து, "கோயிலுக்குப் போய்விட்டு வாம்மா" என்று நீயே ஒரு வார்த்தை சொல். எத்தனை அடி என்று கேட்காதே. எதுவரை போனாய், யாரைப் பார்த்தாய் என்று கேள். கருவியை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா