வெளியேறியவர்களுக்கும் ஒரு கதை கொடுங்கள்

'புளூ லாக்' என்னும் ஜப்பானியக் கால்பந்து சித்திரக்கதையின் (மங்கா) கதாசிரியர் கனெஷிரோ, ஓவியர் நொமுரா, அதை வெளியிடும் கொடன்ஷா ஆசிரியர் குழு ஆகியோருக்கு,

வணக்கம். உங்கள் கதையில் பையன்களை ஒரே கட்டடத்தில் அடைத்துவைத்து நடத்தும் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிப்பவன்) தேர்விலிருந்து நாகி வெளியேற்றப்பட்டபோது ரசிகர்கள் எவ்வளவு கொந்தளித்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். நியாயம்தான். ஆனால் நாகிக்குத் தனித் தொடர் இருந்தது, 2024-இல் திரைப்படமும் வந்தது. அவனுக்கு முன்னால் அந்தக் கட்டடத்தைவிட்டுப் போனவர்களுக்கு என்ன இருக்கிறது?

நாருஹாயாவைச் சொல்கிறேன். இரண்டாம் தேர்வில் இருவருக்கு இருவர் ஆட்டம். கதாநாயகன் இசாகியும் நாகியும் ஒரு பக்கம், பாரோவும் நாருஹாயாவும் மறுபக்கம். ஜெயித்தவர்கள் எதிரணியில் ஒருவனைக் கூட்டிக்கொள்ளலாம். பாரோவைக் கூட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான், நாருஹாயாவின் கனவு அங்கேயே முடிந்தது. அவன் யாரோ எவனோ இல்லை. இசாகியோடு இஸட் அணியில் ஒன்றாக ஆடியவன், ஒரே அறையில் படுத்து எழுந்தவன்.

தோற்றால் வீட்டுக்குப் போ என்று விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஜப்பான் தேசிய அணிக்கு இனி ஆயுசுக்கும் ஆட முடியாது என்று விதி வைத்தீர்கள். பள்ளிப் படிப்பே முடிக்காத 300 பையன்கள்! ஒருவன் உலகின் தலைசிறந்த ஸ்ட்ரைக்கர் ஆவதற்கு மற்ற 299 பேரும் உரமா?

நாருஹாயாவின் மறுநாள் காலையைக் காட்டுங்கள். அதுதான் என் கோரிக்கை. வீட்டில் என்ன சொல்கிறான்? பழைய பள்ளி அணியில் யார் முகத்தைப் பார்க்கிறான்? டிவியில் தேசிய அணி ஆடினால் உட்கார்ந்து பார்ப்பானா, எழுந்து போய்விடுவானா?

உங்கள் கதை போதிக்கும் சுயநலத்தின் ருசி எனக்கும் தெரிகிறது. முதல் அத்தியாயத்தில் இசாகி தானே அடிக்காமல் பாஸ் கொடுக்க, வாங்கியவன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுப் போகுமே, அந்த ஆற்றாமைதான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது. ஆனால் 2022 உலகக் கோப்பையில் ஜப்பான் ஸ்பெயினை வீழ்த்திய கோல் எப்படி வந்தது? கோட்டைத் தாண்டப்போன பந்தை மிதோமா ஓடிப்போய் உள்ளே திருப்பிவிட்டார், தனாகா முடித்தார். மிதோமாவின் அந்தப் பாஸ் இல்லாமல் அந்த கோல் இல்லை.

விளையாட்டு உலகமே ஜெயித்தவன் வாயிலிருந்து மட்டும்தான் கதை கேட்கிறது. உழைத்தேன், விட்டுக்கொடுக்கவில்லை, வென்றேன் என்கிறான் அவன். அதே அளவு உழைத்துவிட்டு அகாதெமியில் 16 வயதில் கழித்துக்கட்டப்பட்டவனிடம் எத்தனை பேர் மைக்கை நீட்டுகிறார்கள்? அவனுக்கு ஆசை குறைவு, வெறி பத்தவில்லை என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். இது என்ன நியாயம்?

சரி, அதற்கெல்லாம் நீங்கள் மட்டும் பொறுப்பில்லை. அந்தத் தேர்வை நடத்தும் பயிற்சியாளன் ஈகோ ஜின்பாச்சியை நல்லவனாக்கச் சொல்லவில்லை. குனிகாமி மாதிரி எல்லோரும் திரும்பி வர வேண்டும் என்றும் கேட்கவில்லை. வெளியேறியவர்களுக்கென்று ஒரு தனிக்கதை, சிறியதாக இருந்தாலும் போதும். நாருஹாயாவிலிருந்து தொடங்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்