மாரா ஆத்துக்கரையில வண்டிய தள்ளி நிறுத்துங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன ஆகஸ்ட்ல கென்யாவுல மாசாய் மாரா வனவிலங்கு காப்பகத்துக்கு போயிருந்தோம், மழையையும் பச்சப்புல்லையும் தேடி பக்கத்து நாடு தான்சானியாவோட செரெங்கெட்டி புல்வெளியில இருந்து 10 லட்சத்துக்கும் மேல வில்டபீஸ்ட், அதான் மாடு மாதிரி இருக்குற மான் வகை, வருஷாவருஷம் சுத்தி வருதுல்ல, அது மாரா ஆத்த தாண்டுறத பாக்கத்தான். கரையில ரெண்டு மணி நேரம் ஒரே புழுதி, கத்தல், முன்னாடி நின்ன ஒண்ணு தண்ணியில கால வச்சுது, உடனே ஜீப்பெல்லாம் சர்ருன்னு இறங்குற வழியிலயே போய் நின்னுச்சு, மொத்த கூட்டமும் மிரண்டு திரும்பிருச்சு. ஒரு குட்டி, பிப்ரவரி வாக்குல பொறந்ததா இருக்கும், தாயத் தேடி கத்திக்கிட்டே ஓடுச்சு, இன்னும் மனசு ஆறல. முதலைக்கு தப்புறதே பெரும்பாடு, இதுல நாமளும் மறிக்கணுமா? சஃபாரி போறவங்களே, இன்னும் பக்கத்துல போங்கன்னு டிரைவர விரட்டாதீங்க, கூட்டம் ஆத்துல இறங்குற வரைக்கும் தள்ளியே நிக்கச் சொல்லுங்க.

– ஒரு வாசகி, மதுரை