நிலவுப் படக் குழு: 2025-26ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே,

அடையாற்றில் உள்ள நம் குடியிருப்போர் சங்கத்தின் நிலவுப் படக் குழு 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் முடிய ஆற்றிய பணிகளைப் பற்றிய அறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். தொலைநோக்கி எதுவும் வாங்காமல், வீட்டில் இருக்கும் கேமராவைக் கொண்டே மொட்டை மாடியிலிருந்து நிலவைப் படமெடுப்பது என்ற நோக்கத்தில் இவ்வாண்டும் மாற்றமில்லை.

மாறியது கூடும் நாள். முன்பு பௌர்ணமிதோறும் கூடினோம். முழுநிலவின்மீது வெயில் நம் பக்கத்திலிருந்து நேராக விழுவதால் பள்ளங்களின் நிழல் நமக்குத் தெரிவதில்லை. எடுத்த படங்கள் யாவும் பால்கோவா வில்லை போலவே இருந்தன. ஆகவே வளர்பிறை அஷ்டமியை ஒட்டிக் கூடுவதென மே மாதம் தீர்மானித்தோம். அஷ்டமியில் எதையும் தொடங்கலாகாது என்று மூத்த உறுப்பினர்கள் இருவர் மறுத்தனர். இது தொடங்குவதன்று, தொடர்வதுதான் என்று விளக்கியபின் இசைந்தனர். ஒளியும் இருளும் சேரும் கோட்டருகே நிழல்கள் நீண்டு விழுவதால், 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளத்தை நவமி, தசமி இரவுகளில் தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கும் 300 மி.மீ. லென்ஸிலேயே அடையாளம் காண முடிந்தது. அந்த லென்ஸில் நிலவின் உருவம், கேமராவுக்குள் படம் பதியும் சென்சார்மீது ஏறத்தாழ 2.7 மி.மீ. அளவுக்குத்தான் விழும் என்பதை நோக்க, இது சிறிய வெற்றியன்று.

புதிய உறுப்பினர்கள் அனைவரும் செய்த பிழை ஒன்றே. கேமராவைத் தானியங்கி நிலையில் விட்டால், அது சுற்றியுள்ள கருவானத்தைக் கணக்கிட்டு அதிக ஒளியை உள்ளே விடுகிறது. நிலவு வெள்ளைப் பொட்டாகிவிடுகிறது. நிலவு இரவில் தெரிந்தாலும் அது வெயிலில் கிடக்கும் பாறையே. தன்மேல் விழும் ஒளியில் எட்டில் ஒரு பங்களவே திருப்பித் தருவது, ஏறக்குறைய நம் தார்ச்சாலையைப் போல. எனவே முழுநிலவுக்கு லென்ஸின் திறப்பு எஃப்/11, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 நொடி என்றும், அரைநிலவுக்கு ஷட்டரை மட்டும் 1/30 நொடியாக்கியும் தொடங்கச் சொல்கிறோம். டிரைபாட் எனும் முக்காலியில் பொருத்தி, இரண்டு நொடி டைமர் வைத்து, குவியத்தைக் கையால் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது. டிஜிட்டல் ஜூம் படத்தைப் பெரிதாக்குமே தவிர, புதிதாக எதையும் காட்டாது.

நம் ஊருக்கே உரிய இடையூறுகள் இரண்டு. ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேரே மாடிக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் பூத்துவிடும். அரை மணி நேரமாவது அதைப் பைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். பகலெல்லாம் காய்ந்த தளத்திலிருந்து அனல் எழுந்துகொண்டிருக்கும்வரை நிலவு நடுங்கியே தெரியுமாதலால், கோடையில் எட்டரை மணிக்கு முன் எடுத்த படங்களில் தேறியவை மிகக் குறைவு. வடகிழக்குப் பருவமழையால் நவம்பரில் கூடவில்லை.

2025 செப்டம்பர் 7 இரவு நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்தில், 82 நிமிடம் நீடித்த முழுமறைவின்போது வழக்கமான அளவுகள் எவையும் உதவா என்பதால், ஐஎஸ்ஓ 1600, ஒரு நொடி என்று முன்னரே சுற்றறிக்கை அனுப்பினோம். நிலவு இரண்டு நிமிடத்தில் தன் அகலத்தளவு நகர்ந்துவிடுவதால், அந்த ஒரு நொடிக்குமேல் நீட்டினால் உருவம் கலங்கும். 2026 மார்ச் 3 அன்று நிலவு ஒரு பகுதி மறைந்தபடியே உதித்து, மாலை 6.47க்கெல்லாம் கிரகணம் விட்டது. கிழக்கே நிற்கும் அடுக்குமாடிகளால் நம் மாடியில் எவருக்கும் அது கிட்டவில்லை. பெசன்ட் நகர் கடற்கரைக்குச் சென்ற இருவர் மட்டுமே படமெடுத்தனர். அனைவரையும் அங்கே வரச்சொல்லாதது என் தவறு.

ஆண்டுக் கண்காட்சியில் ஒரு சர்ச்சையும் எழுந்தது. சில கைப்பேசிகள் நிலவை இனங்கண்டு, லென்ஸ் காணாத விவரத்தைத் தாமே சேர்த்துவிடுகின்றன. அத்தகைய படங்களை விலக்க வேண்டும் என்பது என் கருத்து. செயற்குழு அவற்றைத் தனிப் பலகையில் வைக்க முடிவு செய்தது, அதற்குக் கட்டுப்பட்டேன்.

பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு டிரைபாட் வாங்கப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். 2026 ஆகஸ்ட் 28 கிரகணம் நமக்குப் பகலில் நிகழ்வதால் அன்று கூட்டம் இல்லை. மாடிச் சாவியை ஒவ்வொரு முறையும் முகம் சுளிக்காமல் தந்த காவலருக்குக் குழுவின் நன்றி உரியது.

இங்ஙனம்,
செயலாளர்