எங்களுக்கும் படிக்கத் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பூச்சியும் நோயும் ஆஸ்திரேலியாவுக்குள் வராமல் தடுக்க இறக்குமதிச் சரக்குக்கு நடக்கும் உயிர்ப்பாதுகாப்புச் சோதனை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே இரண்டு முறை படித்தேன். "நம் கடைக்காரர்கள் படிவத்தைப் படிப்பதே இல்லை, அதனால்தான் சரக்கு துறைமுகத்தில் கிடக்கிறது" என்று அதில் ஒரு வரி. எழுதிய அன்பர் ஒரு கன்டெய்னரின் கதவையாவது திறந்து பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை. மேற்கு சிட்னியில் 19 வருடமாக மளிகைக் கடை நடத்துகிறேன். படிவம் படித்தே இரண்டு முறை கண்ணாடி மாற்றியாகிவிட்டது.

1908-ஆம் ஆண்டின் குவாரன்டீன் சட்டம் போய் 2015-ஆம் ஆண்டின் உயிர்ப்பாதுகாப்புச் சட்டம் வந்த கதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் இன்னும் அதற்குக் குவாரன்டீன் என்றுதான் பெயர். பெயர் எதுவானாலும் தவறு எங்கே நடக்கிறது என்று உங்கள் கட்டுரையாளருக்குத் தெரியாமல் போனதுதான் வருத்தம்.

ஒரு பொங்கலுக்கு ஊரிலிருந்து மண்பானை வரவழைத்தேன். எதை வைத்துக் கட்டினோம் என்று அனுப்புகிறவர் எழுதித் தரும் பேக்கிங் டிக்ளரேஷன் குறையே சொல்ல முடியாதபடி வந்தது. லெட்டர்ஹெட், தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தன. வைக்கோல் மாதிரித் தடை செய்யப்பட்ட பொருள் வைத்துக் கட்டியிருக்கிறதா என்ற கேள்விக்கு "இல்லை" என்று அழகாக டிக். இங்கே கதவைத் திறந்தால் ஒவ்வொரு பானையும் வைக்கோல் மெத்தையில் சுகமாகத் தூங்குகிறது! பானை அனுப்பியவருக்குப் போன் போட்டேன். "வைக்கோல் இல்லாம பானையை எப்படிக்கா அனுப்புறது? பேக்கிங்னா அட்டைப்பெட்டிதானே?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. டிக் போட்டது சென்னையில் ஷிப்பிங் ஆபீசில் இருக்கும் ஒரு பையன். பானை அடுக்கியது சூளையில் வேலை செய்பவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. நடுவில் இருந்த நான் படித்துக்கொண்டுதான் இருந்தேன், ஐயா. வைக்கோலை அழித்த செலவு, சோதனைக் கட்டணம், கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானதற்கு வாடகை என்று எல்லாம் என் தலையில். பானைகள் கடைக்கு வந்தபோது தைப்பூசமே முடிந்துவிட்டது. பாதியைச் செடி வைக்க விற்றேன்.

மீதிப் பானைகளை அடுத்த பொங்கலுக்கு விற்றபோது உங்கள் பத்திரிகை என்ன எழுதியது? "பொங்கல் பானையிலும் கொள்ளை லாபமா?" கத்தரித்து வைத்திருக்கிறேன். அதற்கு நான் எழுதிய பதில் கடிதம் வரவே இல்லை. இடப் பற்றாக்குறையாக இருந்திருக்கும். பொங்கல் விழாவுக்கு இலவசமாக மூட்டை கேட்கும் சங்கத்துக்காரர்களின் படத்துக்கு மட்டும் நடுப்பக்கம் முழுக்க இடம் இருந்தது.

மரம் இன்னொரு தலைவலி. சரக்கை அடுக்கும் அடிப்பலகைகளில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிடமாவது நிற்க வேண்டும், அல்லது பூச்சி கொல்லும் மருந்துப் புகை போட்டிருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த முத்திரை. என் சப்ளையர் ஒழுங்காக முத்திரைப் பலகையே வாங்கினார். ஏற்றிய ஆள், பாவம், மூட்டை சரியக் கூடாது என்று பக்கத்தில் கிடந்த பட்டையோடிருந்த கட்டை ஒன்றைச் சொருகிவிட்டார். முட்டுக்கட்டை என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டு பற்றிக் கட்டுரையில் அரை வரிகூட இல்லை. 2020-இல் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையில் அது பிடிபட்ட பிறகுதான் எங்கள் பிழைப்பே மாறியது. அந்த வண்டின் புழு சாப்பாடில்லாமல் இடுக்கில் வருடக்கணக்கில் கிடக்கும். கோதுமை விளைகிற நாடு பயப்படாமல் என்ன செய்யும்? அதிகாரிகளை நான் குறை சொல்லமாட்டேன். கொத்தமல்லி விதை, சீரகம், காய்ந்த மிளகாய், பருப்பு எதுவானாலும், மாதிரி எடுத்துப் பார்த்தோம், இந்த வண்டினம் உயிரோடோ செத்தோ இல்லை என்று தாவர நலச் சான்றிதழில் தனியாக ஒரு வாசகம் வேண்டும். ஒரு முறை மற்ற எல்லாம் இருந்து அந்த வாசகம் மட்டும் விட்டுப்போனது. "சரக்கு சுத்தமாத்தான் இருக்கு, நம்புங்க" என்றார் சப்ளையர். நான் நம்பி என்ன பயன்? சான்றிதழ் கொடுப்பது அங்குள்ள அரசுத் துறை. நானோ சப்ளையரோ பேனாவால் ஒரு வரி சேர்த்துவிட முடியாது. இதற்கு நடுவில் வாடிக்கையாளர் ஒருவர், "ஊர்லேர்ந்து பெட்டியில கொத்தமல்லி கொண்டு வந்தேன், யாரும் பாக்கல. நீங்க ஏன் இந்த விலை சொல்றீங்க?" என்கிறார். விமானப் பயணிகளின் பெட்டியில் அது கூடாது என்று ஆகி வருடங்கள் ஆகின்றன. அதையாவது நீங்கள் எழுதியிருக்கலாம்.

சரி, கோபத்தை விட்டு விஷயத்துக்கு வருகிறேன். "வருடத்துக்கு ஒரு பேக்கிங் டிக்ளரேஷன் கொடுத்தால் போதும், அப்புறம் கவலையே இல்லை" என்று கட்டுரை முடிகிறது. பாதிதான் சரி. முழு கன்டெய்னராக வந்தால், கன்டெய்னர் உள்ளே சுத்தமாக இருந்தது என்ற உறுதிமொழி ஒவ்வொரு முறையும் தனியாக வேண்டும். கட்டும் முறை மாறினால் வருட டிக்ளரேஷனும் செல்லாது, புதிதாக வாங்க வேண்டும். உங்கள் வரியை நம்பிப் புதிதாகக் கடை திறந்த யாராவது மாட்டிக்கொண்டால், அவரையும் படிக்காதவர் என்றுதான் எழுதுவீர்கள்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். முடிந்தால் பேக்கிங் டிக்ளரேஷனின் கேள்விகளைத் தமிழில், வைக்கோல் என்றால் வைக்கோல் என்று பச்சையாக எழுதி, கால் பக்கத்தில் போடுங்கள். ஊரில் பானை அடுக்குகிறவர்களுக்கும் மூட்டை ஏற்றுகிறவர்களுக்கும் அதை அனுப்பிவைப்பேன். இடமில்லை என்றால் என் கடை விளம்பரத்தை ஒரு மாதம் நிறுத்திவிட்டு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மாதமாகப் போன் நம்பர் தப்பாகத்தானே வருகிறது.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரி ஒருத்தி,
மேற்கு சிட்னி