பச்சையை விட்டுச் செம்மையைப் பார்

தண்டையார்பேட்டை

அன்பு மகளுக்கு,

வடக்குச் சிலியிலிருந்து நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். சரிவில் பச்சை படர்ந்திருக்கும் இடத்திலேயே செம்பு தேடும் முதல் துளையைப் போடலாம் என்று உங்கள் குழுவில் பேசிக்கொள்வதாக எழுதியிருந்தாய். நிலவியல் களப்பணியில் காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கரைந்த செம்பு அவ்வழியே வந்து தங்கியது என்பதற்கு மேல் அந்தப் பச்சை எதையும் உறுதியாகச் சொல்லாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டுப் பார். நுரைத்தால் பச்சைச் செம்புக் கனிமமான மாலகைட்டாக இருக்கலாம். நுரைக்காவிட்டால் வேறு பச்சைச் செம்புக் கனிமங்களான கிரைசோகொல்லாவோ அடகாமைட்டோ இருக்கக்கூடும். (ராயபுரத்துக் கடற்காற்றில் கிடக்கும் செம்பில் ஏறும் களிம்பிலும் அடகாமைட் உண்டாகும்.)

என் கண் நின்றது மேட்டின் உச்சியில், துருவேறிப் பொத்தல் பொத்தலாகத் தெரியும் செந்நிறப் பாறையில்தான். கிரானைட் வகைக் குழம்பு பூமிக்குள் குளிரும்போது அதிலிருந்து பிரிந்த வெந்நீர் இரும்புக் கந்தகத் தாதுவான பைரைட்டையும் செம்புக் கந்தகத் தாதுவையும் பாறை வெடிப்புகளில் படியவிட, பின்னாளில் நிலம் உயர்ந்து அரிக்கப்பட்டபோது மழைநீரும் காற்றும் பைரைட்டைச் சிதைத்துக் கந்தக அமிலமாக்க, அந்த அமிலம் மேலேயிருந்த செம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய் நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டிச் செம்பு செறிந்த கால்கோசைட் தாதுவாகச் சேர்த்து வைத்தது. இப்படி மேலே எஞ்சும் துருப்பாறைதான் செந்தொப்பி. பிறகு அந்நிலம் கடுமையாக வறண்டு அரிப்பு குறைந்ததால்தான் அந்தச் செறிந்த படலம் பல இடங்களில் இன்றும் பிழைத்திருக்கிறது. 1981-இல் சிலியின் எஸ்கொண்டிடா செம்புப் படிவு கண்டறியப்பட்டதும் இப்படிச் செம்பு கரைந்துபோன மேல்தொப்பிக்கு அடியில் துளையிட்டுத்தான். ஆகவே, மேலே எடுத்த மாதிரியில் செம்பு குறைவு என்று வந்தால் அந்த இடத்தைக் கைவிடாதே. அந்தத் துருவில் ஆழ்ந்த சிவப்பு இரும்பு ஆக்சைடான ஹேமடைட் இருந்தால், முன்பு அங்கே கால்கோசைட் இருந்ததைக் காட்டலாம். மஞ்சள் இரும்புச் சல்பேட்டான ஜாரோசைட் மட்டுமே மிகுந்திருந்தால் பெரும்பாலும் பைரைட்தான் இருந்திருக்கும்.

துளைக்கு முன், அந்த வெந்நீரால் சுற்றுப் பாறைகளின் கனிமங்கள் எங்கெங்கே எப்படி மாறியிருக்கின்றன என்பதை நடந்து வரைந்துவிடு. மையத்தில் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரும் கருமைக்காவும், அதைச் சுற்றி வெளிறிய நுண்மைக்காவான செரிசைட்டும், வெளிவட்டத்தில் குளோரைட், எபிடோட் என்னும் கனிமங்களும் வருவது இவ்வகைப் படிவுகளின் பொதுவான அடுக்கு. அந்த வெளிவட்டமும் பச்சையாகத்தான் தெரியும். அது செம்பின் பச்சை அன்று.

வறண்ட ஓடைகளில் மாதிரி எடுக்கும்போது மிக நுண்ணிய மணலைச் சலித்து ஒதுக்கு. காற்று வேறிடத்திலிருந்து கொண்டுவந்த அம்மணல் செம்பின் அளவைக் குறைத்துக் காட்டிவிடும்.

நம் தெருமுனையில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவரிடம், நூற்றுக்கு 0.5 பங்கு செம்புள்ள பாறை ஒரு டன்னை உடைத்தாலும் அதில் இருப்பது 5 கிலோதான் என்று சொன்னேன். வியந்துபோய், கையிலிருந்த கம்பிச் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு குறைந்த செறிவு என்பதால்தான் அதன் பரப்பும் ஆழமும் முக்கியமாகின்றன. ஒரு துளையில் நல்ல அளவு கிடைத்தாலும், வெறுமையாக வந்தாலும், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

மாற்ற வரைபடம் முடிந்ததும் செந்தொப்பியின் எல்லையை அதில் குறித்து எனக்கு ஒரு படி அனுப்பு. துளைக்கான இடங்களைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா